குழியில் குலை தள்ளிய வாழை

பனச்சமூட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் நான் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். அதனால் சாலைகளைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட எனக்கு உரிமை கொஞ்சம் அதிகம். சாலை கெட்டால் செருப்பு கெடும், செருப்பு கெட்டால் ஆள் என் கடைக்கு வந்தாக வேண்டும். எங்கள் பக்கத்துச் சாலைகளைப் போட்ட கான்ட்ராக்டர்களுக்கு நான் ஒவ்வொரு ஓணத்துக்கும் கோடித்துணி எடுத்துக் கொடுத்தாலும் தகும். இத்தனை வருடம் என் வீட்டில் அடுப்பு எரிந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

கடையும் வீடும் கேரளத்தில், ஆனால் கடையிலிருந்து நாலு எட்டு வைத்தால் மாநிலம் மாறிவிடும். பேருந்தில் தூங்கிக்கொண்டு வரும் கேரளத்துக்காரர் ஒரு குலுக்கலில் கண் விழித்து, தமிழ்நாடு வந்துவிட்டது போலிருக்கிறது என்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர் அதே குலுக்கலில் விழித்து, கேரளா வந்தாச்சு என்பார். இரண்டு பேரும் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எல்லைத் தகராறு ஒன்றில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் சரியாகச் சொல்வது இங்கே மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

குழி ஏன் விழுகிறது என்று கேட்டால் பதில் தெரியாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. டீக்கடையில் ஒருவர் டிப்பர் லாரியைச் சொல்வார். கிழக்கே மலையை உடைத்து அளவுக்கு மேல் கல் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, சாலை என்ன இரும்பா என்பார். அந்த லாரியில் வந்த கல்லில்தான் அவர் வீட்டு மாடி நிற்கிறது, அதைப் பற்றிப் பேச்சு வராது. இன்னொருவர் தாரில் கை வைத்துவிட்டார்கள் என்பார். இட்லிக்குத் தடவும் எண்ணெய் அளவுக்குத்தான் தார், மீதி எங்கே போயிற்று என்று விரலால் மேலே காட்டுவார். மேலே என்றால் திருவனந்தபுரமா, கடவுளா என்று யாரும் கேட்டதில்லை. மூன்றாமவர் மழையைச் சொல்வார். வெயில் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, முதல் மழை விழுந்ததும் தார் டின்னோடு வருகிறார்களே என்பார். எல்லாம் உண்மைதான். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. படுத்துக்கொண்டே கண்டுபிடித்தாள்.

அவளுக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகியிருந்தது. அது முதலில் எங்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, வலதுகாலில் செருப்போடும் இடதுகால் வெறுங்காலாகவும் வீட்டுக்கு வந்து நின்றாள். ஒரு செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வழியில் எங்கோ கழன்றிருக்கிறது, காலுக்கு அது தெரியவில்லை. நானே அளவு பார்த்துக் கொடுத்த செருப்பு.

நெய்யாற்றின்கரையில் ஆபரேஷன் நடந்தது. நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். ஆனால் நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கிறது, இடது பாதத்துக்கு உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். வாரத்துக்கு மூன்று முறை உடற்பயிற்சிக்குக் கூட்டிவரச் சொன்னார். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குலுங்கக் கூடாது. அதே இடம் மறுபடி விலகினால் அந்தக் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் ஊர்ச் சாலைகள் மட்டும்தான் அவருக்குத் தெரியும், எங்கள் வீட்டு கேட்டுக்கு நேர் முன்னால் ஒரு குழி இருந்தது தெரியாது. ஒரு காலத்தில் அது மயிரிழை அளவு விரிசல். பிறகு தட்டளவு பள்ளம். அவள் ஆபரேஷன் முடிந்து வரும்போது ஆட்டைக் குளிப்பாட்டலாம் போல ஆகிவிட்டது. ஆட்டோ வெளியே திரும்ப வேண்டுமென்றால் அதில் ஒரு சக்கரமாவது இறங்கித்தான் ஏற வேண்டும். ஆட்டோக்காரர் நல்ல மனிதர். குழிக்கு முன்னால் நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிடிச்சுக்கிடுங்கோ அக்கா என்பார். அவள் என் கையைப் பிடிப்பாள். பயிற்சிக்குப் போய்வந்த நாட்களில் என் கையில் நகத்தடம் இருக்கும்.

முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம். படுத்தபடி அவள் பார்ப்பதற்கு அந்தக் குழி ஒன்றுதான் இருந்தது. நோய் பார்க்க வருபவர்களுக்கும் அதுதான் வசதியாயிற்று. ஆப்பிளும் ரஸ்க்கும் வாங்கிக்கொண்டு வருவார்கள். முதலில் முதுகைப் பற்றி ரெண்டு வார்த்தை, பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் குழியைப் பற்றி அரைமணி நேரம். பாவம் இந்த நிலைமையில் இருக்கிற பெண் எப்படிப் போவாள், கேட்க ஆளில்லை, நாடு நன்றாகாது என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். கீழ்வீட்டு அண்ணன் வளைகுடாவில் பல வருடம் இருந்தவர். அங்கேயெல்லாம் சாலையில் சோறு கொட்டிச் சாப்பிடலாம் என்பார். அவர் மனைவி, எங்களுக்கு மைனி, வாரம் தவறாமல் மீன்குழம்பு கொண்டுவருவாள். அவர்களுடைய அன்பைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. அன்பு வேறு, ஓடை வேறு, அந்த ஓடைக்குப் பிறகு வருகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பஞ்சாயத்தில் எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் ஊர்வலமாக வந்து அந்தக் குழியில் வாழை நட்டார்கள். கேரளத்தில் குழி விழுந்த சாலைக்கு இது வழக்கமான மரியாதை. கூடையளவு வாயைத் திறந்து மலையாளத்தில் கோஷம் போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், எங்கள் வீட்டில் வெள்ளம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஆளுங்கட்சி மெம்பர் வந்து பார்த்தார். இது பஞ்சாயத்துச் சாலை இல்லை, பொதுமராமத்துச் சாலை, பொதுப்பணித் துறைதான் பார்க்க வேண்டும் என்றார். அந்த விஷயத்தில் தனக்கும் வருத்தம்தான் என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

வழக்கமாகப் போராட்டத்துக்கு நடும் வாழை, பாதியில் வெட்டிய தண்டாக இருக்கும். போட்டோவுக்கு நின்றுவிட்டு மறுநாள் சாயும். இந்த முறை யாரோ சிரத்தையாகக் கீழ்வீட்டுத் தோட்டத்திலிருந்து கிழங்கோடு தோண்டிய ஏத்தன் கன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏத்தன் என்றால் சிப்ஸ் போடும் நேந்திரம். அது பிடித்துக்கொண்டது. ஒரு பக்கத்தில் நன்மையும் உண்டு, வாழையைக் கண்டு லாரிகள் ஒதுங்கிப் போயின. ஒதுங்கிய சக்கரங்கள் குழியின் மறுகரையைக் கடித்துத் தின்றன. வாழை வளர வளர, குழியும் கூடவே வளர்ந்தது.

மாசி வந்தது. எங்கள் பக்கத்தில் மாசியும் பங்குனியும் கிணறுகள் வற்றுகிற காலம். ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அவள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“இஞ்ச பாருங்கோ. நம்ம கெணத்தங்கரையில நிக்குத வாழையே வாடிப்போச்சு. ரோட்டுல நிக்குதது மட்டும் புது எலை விடுது. ஆரு அதுக்கு வெள்ளம் கோருதா? அடியில வெள்ளம் உண்டாக்கும்.”

எனக்கு உறைத்தது. ஊரே அந்த வாழையோடு நின்று செல்ஃபி எடுத்திருக்கிறது. அதன் இலையை ஒருவரும் பார்க்கவில்லை. கடப்பாரையை எடுத்துப் போய் வாழையின் அடிமூட்டுக்குப் பக்கத்தில் குத்தினேன். தார் அப்பளம் போல நொறுங்கியது. கீழே ஒரு கை ஆழத்துக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, குழம்பாகக் கிடந்தது. கடப்பாரையை இழுத்ததும் தண்ணீர் ஊறி மேலே வந்தது. நுரையோடு வந்தது. வண்டி கழுவும் ஷாம்பு வாசனை.

அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் தெரு மேட்டிலிருந்து சந்திப்பை நோக்கிச் சரிகிறது. மேட்டில் பைக்கும் காரும் கழுவிக் கொடுக்கும் வாட்டர் சர்வீஸ் கடை. அதற்குக் கீழே வரிசையாக வீடுகள், முதலாவது எங்களுடையது. அடியில், பேருந்து நிற்கும் இடத்தில் வெயிட்டிங் ஷெட். இந்த நீளம் முழுக்கச் சாலையோரம் ஒரு ஓடை உண்டு. உண்டு என்று சொன்னால்தான் உண்டு, பார்க்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்டுக்கு முன்னால் ஓடையின் மேல் கான்கிரீட் ஸ்லாப் போட்டு மூடியிருக்கிறார்கள். காரின் வயிறு தட்டக் கூடாதல்லவா. முதலில் கார் வைத்திருந்தவர் போட்டார். பிறகு கார் வாங்கப் போகிறவர் போட்டார். பிறகு மகளைப் பெண்பார்க்க வருகிறவர்கள் கார் கொண்டுவருவார்கள் என்று போட்டார்கள். கீழ்வீட்டு அண்ணனின் ஸ்லாப்பில் டைல்ஸ் ஒட்டி, நடுவில் தாமரைப்பூ கூட உண்டு. எங்கள் வீட்டின் முன்னால் கிடந்தது வீட்டை எங்களுக்கு விற்றவர் போட்டது, நாங்களும் அதை வீட்டின் லட்சணத்தில் ஒன்றாகக் கணக்குப் பண்ணித்தான் வாங்கினோம்.

ஸ்லாப்புக்கு அடியில் தண்ணீர் போக ஒரு குழாய் வைத்தோம் என்று எல்லாரும் சொல்வார்கள். முதல் மழையில் உரித்துப் போட்ட ஒரு தேங்காய்த் தொண்டும் ஒரு பிளாஸ்டிக் பையும் வந்து அந்தக் குழாயில் குடியேறிவிடும். பிறகு தண்ணீர் எங்கே போகும்? சாலையின் விளிம்பில் இருக்கும் விரிசல் வழியாகத் தாருக்கு அடியில் போகும்.

செருப்புக்கடைக்காரனுக்கு இதைப் புரியவைக்க எஞ்சினியர் வேண்டாம். என் கடைக்குத் திரும்பி வரும் செருப்புகளில் தேய்ந்து போனவை கொஞ்சம்தான். நனைந்து போனவையே அதிகம். மேல் தோல் புதிதாக இருக்கும், அடித்தோலும் புதிதாக இருக்கும், நடுவில் பசை ஊறி விட்டுப்போயிருக்கும். அப்புறம் ஒரே நடையில் வாயைப் பிளந்துவிடும். சாலையும் அப்படித்தான். அடியில் இறுகிக் கிடந்த கல்லும் மண்ணும் ஊறி இளகுகிறது. மேலே லாரிச் சக்கரம் ஏறும்போது தண்ணீர் பிதுங்குகிறது, இறங்கும்போது பின்வாங்குகிறது, போகும்போதெல்லாம் கொஞ்சம் மண்ணை வாரிக்கொண்டு போகிறது. கடைசியில் தார் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. அதை உடைக்க டிப்பர்தான் வேண்டும் என்பதில்லை, பால்காரர் பைக்கே போதும். ஆனால் பழி என்னவோ கடைசியாக ஏறிய லாரிக்கு.

ஆக, ஆப்பிளோடு வந்து எங்கள் ஜன்னலில் நின்று நாக்கைச் சப்புக்கொட்டிய அத்தனை பேரும் சேர்ந்து வெட்டிய குழி அது. நான் வீடு வீடாகப் போனேன். எல்லாரும் காப்பி கொடுத்தார்கள். வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் தன்னுடைய தண்ணீர் ஓடையில்தான் விடப்படுகிறது, ஓடை அதற்குத்தானே என்றார். ஒரு வீட்டுக்காரர், கீழே இருப்பவர் திறந்தால் நானும் திறக்கிறேன் என்றார். கீழே இருப்பவர், மேலே திறந்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்றார். கீழ்வீட்டு அண்ணன் என்னை அழைத்துப் போய்த் தாமரைப்பூவைக் காட்டினார். இதையா உடைக்கச் சொல்கிறாய் என்று கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். நம்முடையதை உடையுங்கள் என்றாள். உடைத்தால் ஆட்டோ உள்ளே வராதே, நீ எப்படி ஏறுவாய் என்றேன். பலகை போடுங்கள், நடந்துகொள்கிறேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நாம் ஒரு வீட்டுக்காரர் உடைத்து என்ன ஆகப்போகிறது, ஊரைத் திருத்த உனக்கு இந்த முதுகுதானா கிடைத்தது என்று கத்திவிட்டேன்.

“ஊரத் திருத்தவொண்ணும் இல்ல,” என்றாள். “வெள்ளத்த அவியளுக்க முற்றத்துக்கு விடுங்கோ. மத்தத அவியளே செய்வாவ.”

இருபது வருடம் கூட வாழ்ந்தும் இவளை எனக்குச் சரியாகத் தெரியாது என்று அன்றைக்குத் தோன்றியது. மேஸ்திரியைக் கூட்டிவந்து ஸ்லாப்பை உடைத்தோம். மண்ணையும் தேங்காய்த் தொண்டுகளையும் வாரி வெளியே போட்டோம். இரண்டு பலகைகளைச் சேர்த்துக் குறுக்கே போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டினேன். எங்கள் வீட்டோரம் தேங்கிக் கிடந்த தண்ணீர் சலசலவென்று ஓடிப்போய்க் கீழ்வீட்டுத் தாமரைப்பூவில் முட்டியது. முட்டியது துள்ளியது. துள்ளியது அண்ணனின் முற்றத்தில் இறங்கி, வெள்ளை நுரையோடு காரின் நான்கு சக்கரத்தையும் கழுவி விட்டது.

அண்ணன் வந்தார். உங்க வெள்ளம் எனக்க முற்றத்துல கெடக்கு என்று சத்தம் போட்டார். அவள் கட்டிலில் படுத்தபடி, எங்கள் வெள்ளம் இல்லை அண்ணா, மேலிருந்து வந்தது, கீழே போக வழி கேட்கிறது, அவ்வளவுதான் என்று மிகவும் பணிவாகச் சொன்னாள். அண்ணன் மேலே ஓடி வாட்டர் சர்வீஸ்காரரிடம் சண்டை போட்டார். மெம்பரிடம் புகார் செய்தார். மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார். ஒரு வாரம் மைனியின் மீன்குழம்பு வரவில்லை. கோடை மழை ஒன்று விழுந்து முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்ற மறுநாள், தாமரைப்பூவை அவரே சம்மட்டியால் உடைத்தார். உடைத்ததும் தண்ணீர் அவருக்கு அடுத்த வீட்டுக்குள் போயிற்று. அண்ணன் கேட்டில் சாய்ந்து நின்று அதை ரசித்தார். நீங்களும் திறந்துவிட்டால் தீர்ந்தது என்று அடுத்த வீட்டுக்காரருக்குப் பொதுநலம் போதித்தார்.

இப்படியே ஒவ்வொரு வீடாக இறங்கியது. ஒருவர்கூடச் சாலைக்காக உடைக்கவில்லை. ஒருவர்கூட என் மனைவிக்காக உடைக்கவில்லை. எல்லாரும் மேல்வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே உடைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரர் எப்போது உடைப்பார் என்று காத்திருந்தார்கள். கடைசியில் வெயிட்டிங் ஷெட். அதை ஓடையின் மேலேயே கட்டியிருந்தார்கள். பேருந்து நேரம் எழுத இடம் இல்லாத அளவுக்கு மெம்பரின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. தெருவின் தண்ணீர் மொத்தமும் அதற்குள் போய் நின்றது. பயணிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் படம், பின்னால் மெம்பரின் பெயரோடு, எல்லார் போனிலும் வந்தது. ஷெட்டுக்கு அடியில் வாய்க்கால் வெட்டும் வேலை அந்த வாரமே முடிந்தது. இது பஞ்சாயத்தா, பொதுமராமத்தா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

சாலையோரம் காய்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அடி இறுகும், யாராவது வந்து குழியை அடைத்தால் நிற்கும். ஆனால் அடி காய்ந்ததும் ஏத்தன் வாடத் தொடங்கியது. அதற்கும் கொஞ்சம் முன்னால்தான் அது குலை தள்ளியிருந்தது. நல்ல குலை, அதைச் சொல்லியாக வேண்டும். கன்று தன் தோட்டத்தது என்று அண்ணன் உரிமை கொண்டாடினார். நட்டது நாங்கள் என்று எதிர்க்கட்சியினர் சொன்னார்கள். சண்டை வேண்டாமென்று மைனி அதை சர்ச் பெருநாள் லேலத்துக்கு நேர்ந்துவிட்டாள். காணிக்கையாக வரும் குலையை ஏலம் விடுவதைத்தான் இங்கே லேலம் என்போம். நேர்ந்தபிறகு அந்த வாழை கர்த்தரின் சொத்து. அது வாடுவதை ஊர் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்?

தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். காலையில் மைனி ஒரு வாளி. சாயங்காலம் எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு குடம். இடையில் வாட்டர் சர்வீஸ்காரர், தன் பங்குக்கு, ஹோஸை மேட்டிலிருந்து இழுத்து வந்து குழி நிறைய விடுவார். எந்தத் தண்ணீரைச் சாலையிலிருந்து இறக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதைச் சுமந்து வந்து அதே குழியில் ஊற்றினார்கள். போகிற போக்கில் ஜன்னலில் எட்டிப் பார்த்து, முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவும் செய்தார்கள். நான் சொன்னேன், கெஞ்சினேன். வாழை பாவமில்லையா என்று கேட்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள், பயிற்சிக்குப் போகும்போது, ஊறிய கரை இடிந்து ஆட்டோவின் பின்சக்கரம் குழியில் விழுந்தது. அவள் என் கையைப் பிடிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. கத்தவும் இல்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிற்று. வீட்டுக்கு வந்து படுத்து, அன்று முழுக்க இடதுகால் பெருவிரலை அசைத்துப் பார்த்தபடி இருந்தாள். அது அசைந்தது. தொட்டால் தெரியவில்லை. நான் ஒரு விரலால் உள்ளங்காலில் கோடு போட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். போதும் விடுங்கோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அந்த வாழையின் மேலும், அதற்குத் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொருவர் மேலும் வந்த ஆத்திரத்தை எந்த சர்ச்சில் போய்ச் சொல்லித் தீர்ப்பது என்று தெரியவில்லை.

சித்திரை நடுவில், யாரும் எதிர்பாராத ஒரு நாள், குழி அடைக்கும் ஆட்கள் வந்தார்கள். தார் உருக்கும் டிரம், ஜல்லி, ஒரு சின்ன ரோலர், தமிழ்நாட்டிலிருந்து வந்த வேலைக்காரர்கள். மேட்டிலிருந்து அடைத்துக்கொண்டே இறங்கினார்கள். நான் கடையை அடைத்துவிட்டு ஓடிவந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் கேட்டுக்கு வந்ததும் வேலை நின்றது. வாழையைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. அண்ணன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். நேர்ச்சைக் குலை, விளைய இன்னும் ரெண்டு மாசம் வேண்டும், தொட்டால் பாவம் என்று மைனி சொன்னாள். வாழை நட்ட கட்சியினரும் இருந்தார்கள். குழியை அடைக்கச் சொல்லி நட்ட வாழையைக் காப்பாற்ற, குழியை அடைக்காதே என்றார்கள். வேலைக்கு மேஸ்திரியாக வந்தவர் வாழையையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இதை மட்டும் விட்டுவிடுகிறேன், குலை வெட்டின பிறகு சொல்லி அனுப்புங்கள் என்று ரோலரை முன்னே எடுக்கச் சொன்னார். சொல்லி அனுப்பினால் அவர் வரப்போவது அடுத்த தலைமுறையில்தான் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் அது சம்மதமாகவும் இருந்தது. நான் பேசியது யார் காதிலும் விழவில்லை.

அப்போது பலகை கிரீச்சிட்டது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். கையில் தேங்காய் வெட்டும் வெட்டுகத்தி. வெறுங்கால். கூட்டம் தானாக விலகியது. அவள் குனியவில்லை. இடுப்பு உயரத்தில், நின்ற நிலையில், ஒரே வெட்டு. ஏத்தன் தண்டுக்கு என்ன பலம், ஈரம் குடித்து வளர்ந்தது. மெதுவாகச் சாய்ந்து, குலையோடு அண்ணனின் காலடியில் படுத்தது. மைனி நெஞ்சில் சிலுவை போட்டாள். என் மனைவியிடம் யாரும் சண்டை போட முடியாது, எல்லாரும் ஆப்பிள் வாங்கிக் கொடுத்தவர்கள்.

மேஸ்திரி சட்டென்று ஆட்களுக்குக் கை காட்டினார். இரண்டு பேர் வாழையின் அடிமூட்டைத் தோண்டத் தொடங்கினார்கள். நான் கத்தியை வாங்கப் போனேன். அவள் கொடுத்துவிட்டாள். ஆனால் நகரவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. முதுகில்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நான் பயந்துபோனேன்.

“சுடுது,” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. சித்திரை மத்தியானத் தார், சுடாமல் என்ன செய்யும். பிறகு அவள் வலதுகாலைத் தூக்கி, இடதுகாலை மட்டும் சாலையில் ஊன்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்தாள்.

“இந்தக் காலுல ஆக்கும். சுடுது.”

நான் உள்ளே ஓடி, கையில் அகப்பட்ட ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டேன். என் கண் மறைத்ததில் அவை இரண்டும் தலைகீழாக விழுந்தன. அவள் அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டாள். வேலைக்காரர்கள் ஜல்லியைக் கொட்டி முடிக்கும்வரை அந்த இடத்திலேயே, உதட்டைக் கடித்துக்கொண்டு, காலை எடுக்காமல் நின்றாள்.